2019-க்குப் பிறகு தேர்தலே நடத்தாத அபார்ட்மென்ட் சங்கம்: பதிவாளரிடம் மனு கொடுத்தவர்கள் யாராவது உண்டா?

பி_பிளாக்_டீச்சர் | ஜூலை 6, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் இருக்கிறோம். குடியிருப்பின் பெயர் வேண்டாம். 2 பிளாக், மொத்தம் 42 வீடு, கீழே கார் நிறுத்துமிடம். 2015-இல் குடிவந்தோம். மறு வருடமே சங்கத்தை முறைப்படி பதிவும் செய்தோம்.

நிர்வாகக் குழுவுக்கு 2 வருடம்தான் பதவிக்காலம் என்று பைலாவில், அதாவது சங்கத்தின் விதிமுறைகளில், இருக்கிறது. கடைசியாகத் தேர்தல் நடந்தது 2019 ஜனவரியில். அப்புறம் கொரோனா வந்தது, சரி என்று விட்டோம். கொரோனா போயும் தேர்தல் வரவில்லை. கேட்டால் "யார் வந்து பார்க்கப் போகிறீர்கள், சொல்லுங்கள், சாவியைக் கொடுத்துவிடுகிறேன்" என்கிறார் செயலாளர். சரி, பொதுக்குழுவைக் கூட்டுங்கள் என்றால் பதிலே இல்லை.

என் மனதை அரிப்பது மூன்று விஷயம். வீட்டுக்கு 30,000 வீதம் பொது நிதியாக நாங்கள் போட்ட கார்பஸ் பணம், 12,60,000 ரூபாய், இப்போது செயலாளர், பொருளாளர் இருவர் பெயரில் வைப்பில் இருப்பதாகச் சொல்கிறார்கள். சங்கத்தின் பெயரில் இல்லை. இரண்டாவது, 1,900 ரூபாய் மெயின்டனன்ஸுக்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. என்று மாதம் 342 ரூபாய், 2 வருடமாக வாங்குகிறார்கள். ரசீதில் வரி எண் எதுவும் இல்லை.

மூன்றாவது டீசல். நான் பள்ளியில் கணக்கு எடுத்தவள், எண்ணைப் பார்த்தால் கூட்டாமல் விட மாட்டேன். எங்கள் வாட்ச்மேன் கேட்டில் ஒரு 40 பக்க நோட்டு வைத்திருக்கிறார். மின்சாரம் போனதும் வந்ததும் பென்சிலால் எழுதுவார். "கரண்ட் போனது 2.10, வந்தது 2.45." யாரும் எழுதச் சொல்லவில்லை, அவராக எழுதுகிறார். மே மாதம் முழுக்கக் கூட்டினேன். 6 மணி 50 நிமிடம். எங்கள் ஜெனரேட்டர் லிஃப்ட், மோட்டார், பொது விளக்குக்கு மட்டும்தான். மணிக்கு 4 லிட்டருக்கு மேல் ஆகாது என்கிறார் மெக்கானிக். அப்படியானால் 27, 28 லிட்டர். அறிவிப்புப் பலகையில் ஒட்டிய மே மாதக் கணக்கில் டீசல் 110 லிட்டர்.

யாரையும் திருடன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பில்லைக் காட்டுங்கள் என்றுதான் கேட்கிறேன். மாவட்டப் பதிவாளரிடம் போகலாம் என்கிறார்கள். போனவர்கள் இருந்தால் வழி சொல்லுங்கள்.

---

ஓய்வு_எழுத்தர் | ஜூலை 6, இரவு 11.15

அம்மா, பதிவுத்துறையில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இந்த மாதிரி மனுக்கள் நிறைய என் மேஜையைத் தாண்டிப் போயிருக்கின்றன. பாதிக்கு மேல் திரும்பி வந்ததும் தெரியும். ஏன் திரும்பின என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

உங்கள் சங்கம் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ் பதிவானதா என்று முதலில் பாருங்கள். சான்றிதழில் எண்ணும் வருடமும் இருக்கும். அப்படியானால் பிரிவு 36 உங்களுக்குப் பொருந்தும். சங்கத்தின் அமைப்பு, செயல்பாடு, நிதிநிலை மூன்றையும் பதிவாளர் விசாரிக்கலாம். அவராகவே எடுக்கலாம், மாவட்ட ஆட்சியர் கேட்டும் எடுக்கலாம், நிர்வாகக் குழுவில் பெரும்பான்மையோர் கேட்டும் எடுக்கலாம். உங்களுக்கு உதவுவது நான்காவது வழி: உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் கையெழுத்துப் போட்டு மனு கொடுப்பது. 42 பேர் என்றால் 14.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். சட்டம் கேட்பது உறுப்பினரை. வீடு வைத்திருப்பவரெல்லாம் உறுப்பினர் ஆகிவிட மாட்டார். கைமாறி வாங்கியவர் பெயர் உறுப்பினர் பதிவேட்டில் ஏறாமலே இருக்கும். பத்திரம் அவர் பெயரில், சொத்துவரி அவர் பெயரில், பதிவேட்டில் மட்டும் பழைய ஆள். எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொண்டால் கையெழுத்து எண்ணிக்கை குறைந்து மனு நிற்காது. வாடகைக்காரர் கையெழுத்தும் அப்படித்தான்.

அதனால் மனு எழுதும் முன், சங்கம் பதிவாளரிடம் தாக்கல் செய்தவற்றுக்குச் சான்றிட்ட நகல் வாங்குங்கள். வருடாந்திரக் கணக்கு, உறுப்பினர் பட்டியல், நிர்வாகிகள் மாற்றத்துக்கான படிவம் 7. தகவல் உரிமைச் சட்டத்திலும் கேட்கலாம். சங்கத்திடமே ஆர்.டி.ஐ. போட முடியாது. ஆனால் சங்கத்திடமிருந்து பதிவாளர் சட்டப்படி பெறக்கூடிய தகவலைப் பதிவாளரிடம் கேட்கலாம் என்று கூட்டுறவுச் சங்க வழக்கில் 2013-லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது.

இன்னொன்று. பதிவாளர் நீதிபதி கிடையாது. இரண்டு கோஷ்டி, இரண்டு தேர்தல், யார் உண்மையான செயலாளர் என்ற சண்டையை அவர் தீர்க்க முடியாது, உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்று உயர் நீதிமன்றம் பலமுறை சொல்லிவிட்டது. அதனால் மனுவில் "இவரை நீக்குங்கள்" என்று எழுதாதீர்கள். "கணக்கைப் பாருங்கள், பொதுக்குழு ஏன் கூடவில்லை என்று கேளுங்கள்" என்று எழுதுங்கள். அது அவர் கைக்குள் இருக்கிற வேலை.

---

மன்னார்குடி_வாசி | ஜூலை 7, காலை 6.20

மன்னிக்கவும், நான் மறுபக்கத்து ஆள். மன்னார்குடியில் 24 வீட்டுக் குடியிருப்பில் 5 வருடம் செயலாளராக இருந்தேன். சம்பளம் கிடையாது, போன் செலவுகூட என் கைக்காசு.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா அடித்தது. எங்கள் ஊரில் மின்சாரம் வர எத்தனை நாள் ஆனது என்று இந்தப் பக்கத்தில் இருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். மூன்றாம் மாடியில் டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒருவர், இரண்டாம் மாடியில் பிறந்து 20 நாள் ஆன குழந்தை. தண்ணீர் ஏற்ற வேண்டும். தென்னை விழாத ரோடு கிடையாது. பைக்கில் கேனைக் கட்டிக்கொண்டு எங்கே டீசல் இருக்கிறது என்று கேட்டுக் கேட்டுப் போனோம். லாரிக்காரரிடம் வாங்கினேன், நெல் அறுக்கும் மெஷின் வைத்திருந்தவரிடம் வாங்கினேன். யார் பில் தருவார்? கேட்கவே வாய் வராது, அவர் தந்ததே பெரிது.

மூன்று மாதம் கழித்து பொதுக்குழுவில் ஒருவர் எழுந்து, "பில் இல்லாத 23,000 ரூபாய்க்கு என்ன பதில்?" என்றார். அந்த ராத்திரி நான் தூங்கவில்லை. மறுநாள் ராஜினாமா கொடுத்தேன். அடுத்த செயலாளர் கிடைக்க 7 மாதம் ஆனது.

டீச்சரம்மா, நீங்கள் கேட்பது நியாயம். தேர்தல் நடத்தாததும் தவறு, பணத்தைத் தனிப்பட்ட பெயரில் வைத்ததும் தவறு. ஆனால் பதிவாளரிடம் போகும் முன் ஒரு முறை அவர் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்து கேட்டீர்களா? மனு என்று ஒன்று போய்விட்டால், அப்புறம் லிஃப்ட்டில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள முடியாது. அதே படியில்தான் இன்னும் 20 வருடம் ஏறி இறங்கப் போகிறோம்.

---

பி_பிளாக்_டீச்சர் | ஜூலை 7, மாலை 5.05

ஐயா, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். நீங்கள் பில் இல்லாமல் வாங்கியதைப் பொதுக்குழுவில் வைத்தீர்கள், அவர்களும் எழுந்து கேட்டார்கள். கேட்கிற இடம் என்று ஒன்று உங்களுக்கு இருந்தது. எங்களுக்கு அந்த இடமே இல்லை.

வீட்டு வாசலில் உட்கார்ந்தேன், மூன்று முறை. மூன்றாம் முறை அவர் மனைவி காபி கொடுத்தார், அவர் உள்ளேயிருந்து வரவில்லை. ஒரு நல்லதும் சொல்ல வேண்டும். நகராட்சியாக இருந்த காலத்தில் எங்களுக்குக் குடிநீர் இணைப்பு வாங்க அவர்தான் 4 மாதம் அலைந்தார். அதை நான் மறக்கவில்லை. அதனால்தான் இத்தனை நாள் பொறுத்தேன்.

---

கணக்குப்பிள்ளை_திருவாரூர் | ஜூலை 7, இரவு 8.30

ஜி.எஸ்.டி. பற்றி மட்டும் சொல்கிறேன், அது என் தொழில். குடியிருப்போர் சங்கத்துக்கு மாதம் ஒரு உறுப்பினர் தருவது 7,500 ரூபாய் வரை வரி கிடையாது. 2018 ஜனவரியில் 5,000-இலிருந்து 7,500 ஆக்கினார்கள். 7,500-ஐத் தாண்டினால்கூட, தாண்டிய தொகைக்கு மட்டும்தான் வரி என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் சொன்னது. 1,900 ரூபாய் கட்டுகிற உங்களுக்கு இந்தப் பேச்சே வரக்கூடாது.

அதைவிடப் பெரிய சிக்கல், வரி என்று சொல்லி வாங்கிய பணம். வாங்கியது தப்பானாலும், வரி என்ற பெயரில் வாங்கியதை அரசுக்குச் செலுத்த வேண்டும் என்கிறது ஜி.எஸ்.டி. சட்டம் பிரிவு 76. வீட்டுக்கு 24 மாதம், 8,208 ரூபாய். 42 வீட்டுக்கு 3,44,736. கெட்ட எண்ணம் இல்லாமலேகூட நடந்திருக்கலாம். யாரோ அரைகுறையாகச் சொன்னதைக் கேட்டு ஆரம்பித்திருப்பார்கள். ஆனால் அந்தப் பணம் எந்தக் கணக்கில் இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். "ஜி.எஸ்.டி. பதிவு எண் என்ன?" இந்த ஒரு வரி போதும்.

உத்திரமேரூர்க் கல்வெட்டில் முதலாம் பராந்தகன் காலத்திலேயே, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் போடக்கூடாது, அவன் உறவுக்காரர் பெயரும் கூடாது என்று வெட்டி வைத்திருக்கிறார்கள். 1,100 வருடமாகக் கணக்குத்தான் முதல் கேள்வி.

---

தஞ்சை_புதுவீடு | ஜூலை 9, பிற்பகல் 1.10

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். தஞ்சாவூர் புறவழிச்சாலைப் பக்கம் புதிதாக வாங்கினோம், 60 வீடு. 50-க்கு மேல் விற்றாகிவிட்டது. பில்டர் இன்னும் சங்கமே அமைக்க விடவில்லை. மெயின்டனன்ஸ் அவர் கம்பெனிக்குத்தான் போகிறது. மொட்டை மாடியில் இப்போதே ஒழுகல். எங்களுக்கும் பதிவாளர்தானா?

---

ஓய்வு_எழுத்தர் | ஜூலை 9, மாலை 4.45

தம்பி, சங்கமே இல்லாதபோது பதிவாளர் எதை விசாரிப்பார்? உங்கள் இடம் ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம். 8 வீட்டுக்கு மேலோ 500 சதுர மீட்டர் நிலத்துக்கு மேலோ உள்ள திட்டம் 2016-ஆம் வருடச் சட்டப்படி அங்கே பதிவாகியிருக்க வேண்டும். பதிவு எண்ணை உங்கள் ஒப்பந்தத்தில் தேடுங்கள். பாதிக்கு மேல் வீடு முன்பதிவானதும் 3 மாதத்துக்குள் சங்கம் அமைய வழிசெய்ய வேண்டியது பில்டரின் கடமை, பிரிவு 11. பொதுப் பகுதிகளையும் ஆவணங்களையும் சங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும், பிரிவு 17. வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 வருடத்துக்குள் கட்டுமானக் குறையைச் சுட்டிக்காட்டினால் செலவில்லாமல் சரிசெய்து தர வேண்டும், பிரிவு 14. ஒழுகல் தெரிந்த அன்றே தேதியோடு படமெடுத்து எழுத்தில் அனுப்புங்கள். வாய்வார்த்தை வேண்டாம்.

கூடவே, அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2022 என்று புதிது ஒன்று 2024 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கிறது, 1994 சட்டத்துக்குப் பதிலாக. சங்கம் அமைக்கும்போது வக்கீலை வைத்து அதன்படி பைலா எழுதுங்கள். 1975 சட்டத்து மாதிரி பைலாவை அப்படியே நகலெடுக்காதீர்கள்.

உள்ளே உறுப்பினருக்குள் வருகிற தேர்தல் சண்டைக்கு ரெரா போகாதீர்கள். அது பில்டருக்கும் வாங்கியவருக்கும் இடையிலான இடம்.

---

ஸ்ரீரங்கத்து_மகள் | ஜூலை 10, இரவு 10.20

நான் சிங்கப்பூரில். அம்மா ஸ்ரீரங்கத்தில் தனியாக, என் பெயரில் வாங்கிய ஃப்ளாட்டில். அங்கே 30 வீட்டில் 17 வீட்டு உரிமையாளர்கள் வெளியூர், வெளிநாடு. குழு என்ன செய்தாலும் கேட்க ஆள் இல்லை. அம்மா கேட்டால் "நீங்கள் உறுப்பினர் இல்லையே மாமி" என்று சொல்லிவிடுகிறார்கள். நான் வாட்ஸப்பில் கேட்டால் குரூப்பிலிருந்து நீக்கிவிட்டார்கள். பணம் மட்டும் ஒன்றாம் தேதி போக வேண்டும். நீக்கியது எனக்கு வருத்தமில்லை, 74 வயதில் அம்மாவை நிற்க வைத்து அப்படிச் சொன்னதுதான் தாங்கவில்லை.

வெளிநாட்டிலிருந்து கையெழுத்து எப்படிப் போடுவது?

---

ஓய்வு_எழுத்தர் | ஜூலை 11, காலை 7.00

மனுவை அச்செடுத்து, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட்டு, பாஸ்போர்ட் நகலோடு அசலையே கூரியரில் அனுப்புங்கள். ஸ்கேன் மட்டும் வைத்தால் கேள்வி வரும். அம்மா உங்களுக்காக நேரில் ஆஜராக வேண்டும் என்றால் அதிகாரப் பத்திரம் வேண்டும்: தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அனுப்புங்கள், இங்கே வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்டிவிடுங்கள். கெடு தாண்டினால் சிக்கல்.

---

பி_பிளாக்_டீச்சர் | செப்டம்பர் 14, இரவு 9.00

இரண்டு மாதமாக எழுதவில்லை. மனு கொடுத்தாயிற்று. நடந்ததைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும்.

எழுத்தர் ஐயா சொன்னபடி முதலில் நகல் வாங்கினேன். 17 கையெழுத்து கையில் இருந்தது, தெம்பாகப் போனேன். பதிவேட்டோடு ஒப்பிட்டபோது 5 பேர் பெயரே அதில் இல்லை, கைமாறி வாங்கியவர்கள். 12-தான் நின்றது. மஸ்கட்டிலிருந்து ஒருவர், பெங்களூரிலிருந்து இருவர் அசலை அனுப்பினார்கள். 15 ஆனது. கூரியர் உறையைப் பிரித்தபோது கை நடுங்கியது.

நகல்களில் 2021 செப்டம்பர் தேதியிட்ட ஒரு பொதுக்குழு மினிட்ஸ் இருந்தது. அப்படி ஒரு கூட்டம் நடந்ததாகவே எங்களுக்குத் தெரியாது. "தற்போதைய குழுவே தொடர ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது." கீழே வருகை தந்தோர் என்று 28 பெயர், டைப் அடித்தது. அதில் 9-ஆவதாக ஏ பிளாக் கீழ்வீட்டுப் பெரியவர் பெயர். அவர் அந்த வருடம் மே மாதம் கொரோனாவில் தவறிப்போனவர். எட்டு பேர் சேர்ந்து தூரத்தில் நின்றுதான் வழியனுப்பினோம்.

அவர் மனைவி முதலில் கையெழுத்துப் போட மறுத்தவர். "மோட்டாரை நிறுத்திட்டா நான் எங்கேம்மா போவேன், குடம் தூக்க முடியுமா?" என்றார். நகலைக் காட்டுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். பிறகு காட்டினேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அந்த ஒன்பதாம் பெயரின் மேல் விரலை வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். "பேனா கொடு" என்றார்.

சட்டப்படி அவர் பெயரும் பதிவேட்டில் இல்லை, வாரிசாக ஏற்றவே இல்லை. அதனால் எண்ணிக்கையில் சேர்க்காமல், அவருடைய உறுதிமொழிப் பத்திரத்தையும் இறப்புச் சான்றிதழ் நகலையும் இணைப்பாக வைத்தோம். வாட்ச்மேன் நோட்டின் மே மாதப் பக்கங்களும் இணைப்பு. அவரிடம் அனுமதி கேட்டுத்தான் எடுத்தேன். அவர் வேலைக்கு ஆபத்து வரும் என்றால் வேண்டாம் என்றேன். "எழுதினது நிஜம்தானே டீச்சர்" என்றார்.

மனுவின் கோரிக்கை நான்கே வரி. யாரையும் நீக்கச் சொல்லவில்லை.

---

மன்னார்குடி_வாசி | செப்டம்பர் 15, காலை 6.05

அம்மா, ஜூலையில் எழுதியதில் ஒரு வார்த்தையை மாற்றிக்கொள்கிறேன். போன மனிதரை உட்கார வைத்துத் தீர்மானம் போட்டவர்களிடம் வாசலில் உட்கார்ந்து கேட்டுப் பயனில்லை. நீங்கள் போனது சரி.

---

பி_பிளாக்_டீச்சர் | மார்ச் 22, மாலை 6.30

நவம்பரில் ஒரு விசாரணை, ஜனவரியில் ஒன்று. இரு தரப்பையும் வரச் சொல்லி, புத்தகங்களையும் வங்கிக் கணக்கையும் கொண்டுவரச் சொன்னார்கள். முதல் முறை அவர்கள் வெறுங்கையோடு வந்தார்கள். இரண்டாம் முறை ஒரு பையோடு வந்தார்கள். பிப்ரவரியில் உத்தரவு வந்தது: தாக்கல் செய்யாத வருடங்களின் கணக்கைத் தணிக்கை செய்து தாக்கல் செய்ய வேண்டும், வாங்கியவர்கள், வாரிசுகள் பெயரைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும், பொதுக்குழுவைக் கூட்ட வேண்டும். 2021 தீர்மானம் செல்லுமா என்பதற்குள் போகவில்லை, அதற்கு நீதிமன்றம் என்று எழுதியிருக்கிறது. ஐயா முன்பே சொன்னதுதான்.

போன ஞாயிறு கார் நிறுத்துமிடத்தில் பொதுக்குழு நடந்தது. 33 பேர். இது வரை இவ்வளவு பேரை ஒன்றாகப் பார்த்ததில்லை. வைப்புப் பணம் வட்டியோடு சங்கக் கணக்குக்கு வந்துவிட்டது, பாஸ்புக்கைக் கையோடு கை மாற்றி எல்லோரும் பார்த்தார்கள். ஜி.எஸ்.டி. பணம் சங்கக் கணக்கிலேயே கிடந்திருக்கிறது, யாரும் எடுக்கவில்லை. அதை என்ன செய்வது என்று ஆடிட்டரிடம் கேட்கிறோம். டீசல் தீரவில்லை. 14 மாதத்துக்கு பில் இல்லை. பழைய பொருளாளர் "பார்த்துச் சொல்கிறேன்" என்றார். மூன்று பேரை நியமித்திருக்கிறோம், மன்னார்குடி ஐயா, புயல் மழை நாட்களைத் தனியாக வைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

செயலாளர் பதவிக்கு ஒருவரும் கை தூக்கவில்லை. பத்து நிமிடம் மௌனம். கடைசியில் மஸ்கட்டிலிருந்து விடுமுறையில் வந்தவரின் தம்பி, இங்கேயே மருந்துக்கடை வைத்திருப்பவர், சரி என்றார். அவரும் கைமாறி வாங்கியவர்தான், போன மாதம்தான் பெயர் ஏறியது. பொருளாளர் நான். பழைய செயலாளர் முடிகிற வரை ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். என்னிடம் பேசவில்லை. நாற்காலிகளை அடுக்கும்போது மட்டும் வந்து ஒரு கை பிடித்தார்.

நாளைக் காலை அவர் வீட்டுக்குப் போய் மோட்டார் அறைச் சாவியும் மினிட்ஸ் புத்தகமும் வாங்க வேண்டும். கீழ்வீட்டு அம்மாவின் பெயரைப் பதிவேட்டில் நானே எழுதினேன். எழுதிய பிறகு எழுத்துக்கூட்டி ஒரு முறை படித்துக் காட்டச் சொன்னார், படித்தேன்.